சந்தையிலிருந்து ஒரு சந்து

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியா மலைகளுக்கு நடுவே, கெஸ்விக் என்றொரு சந்தை ஊர் இருக்கிறது. அங்கே சந்தை கூட்டிக்கொள்ள மன்னர் முதலாம் எட்வர்ட் 1276இல் பட்டயம் கொடுத்தார். இன்றும் வியாழன், சனிக்கிழமைகளில் தெருவை அடைத்துக் கடை விரிக்கிறார்கள். அந்தத் தெருவின் நடுவில் தன்னந்தனியாக நிற்கும் மூட் ஹால் 1813இல் எழுந்த கட்டடம். அதன் கோபுரக் கடிகாரத்துக்கு ஒரே முள்தான். மணி தெரியும், நிமிடம் தெரியாது. ஆட்டை விற்க வந்தவருக்கு அது போதும் என்று வைத்தார்களோ என்னவோ, இன்று மலையோட்டக்காரர்கள் நிமிடத்தையும் நொடியையும் எண்ணிக்கொண்டு கிளம்புவது அந்த ஒற்றை முள் கடிகாரத்தின் அடியிலிருந்துதான். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் 42 உச்சிகளைத் தொட்டுவிட்டு, புறப்பட்ட கதவுக்கே திரும்பி வர வேண்டும். தூரம் சுமார் 66 மைல், அதாவது 106 கிலோமீட்டர். வழியில் ஏறும் ஏற்றங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 27,000 அடி. பாப் கிரகாம் சுற்று என்று இதற்குப் பெயர்.

பாப் கிரகாம் கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்தியவர். 1932 ஜூன் மாதம், கான்வாஸ் காலணியும் பைஜாமாச் சட்டையும் போட்டுக்கொண்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றபடி 23 மணி 39 நிமிடத்தில் இந்தச் சுற்றை முடித்தார். மலை நடைக்கு நேரம் கணக்கிட 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வாய்பாடு வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அந்தக் கணக்கில் போனால் இந்தச் சுற்றுக்கு முப்பத்தைந்தரை மணி நேரம் பிடிக்கும். கிரகாம் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தார். இரண்டாவது ஆள் முடிக்க 1960 வரை, 28 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு வேகம் பிடித்தது. 1982இல் பில்லி பிளாண்ட் 13 மணி 53 நிமிடம். அதை 36 ஆண்டுகள் கழித்து, 2018இல் கிலியன் ஜோர்னெட் ஒரு மணி நேரம் குறைத்தார். 2022இல் ஜாக் குன்ஸ்லே 12 மணி 23 நிமிடத்துக்கு இறக்கினார். பெண்களில் பெத் பாஸ்கால் 2020இல் 14 மணி 34 நிமிடம் ஓடினார். மலையோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கோ இந்த 106 கிலோமீட்டரில் முக்கியமாகப் படுவது முதல் இரண்டு கிலோமீட்டர்தான்: கடைத்தெருவிலிருந்து மலையடிக்குப் போகிற ஸ்பூனி கிரீன் என்ற சந்து. உலகின் பெயர்பெற்ற ஓட்டத் தடங்களில் ஒன்றை ஓட்டத்துக்கென்று யாரும் அமைக்கவில்லை. சரக்கும் மந்தையும் போன வழிகள் அவை. அடைபடாமல் கிடக்கக் காரணம், ஊர்க்காரர்கள் சண்டை போட்டது. ஆகவே ஒரு மலையூரின் ஓட்டத் தடங்களைக் காப்பாற்றுவது என்றால் முதலில் காப்பாற்ற வேண்டியது உச்சியை அல்ல, ஊருக்குள்ளிருந்து புறப்படும் அந்தச் சந்தை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். கெஸ்விக்கைச் சுற்றி மூன்று வளையங்கள். நடுவில் ஊர். அதைச் சுற்றி, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்களால் துண்டு துண்டாகப் பிரித்த தனியார் புல்வெளிகள். ஆடுகள் குட்டி போடுவதும் வைக்கோல் அறுப்பதும் அங்கேதான். அதற்கு மேலே கடைசி மதில். அந்த மதிலைத் தாண்டினால் திறந்த மலை, பொது மேய்ச்சல். மலையை அங்கே ஃபெல் என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் விட்டுப்போன சொல். மரமில்லாமல், புல்லும் பாறையுமாகக் கிடக்கும் ஃபெல்லின் முதுகில் ஏறிவிட்டால் மைல் கணக்கில் தடையில்லாமல் ஓடலாம். வடக்கே 931 மீட்டர் உயர ஸ்கிடா, அதன் காலடியில் 368 மீட்டர் லாட்ரிக், கிழக்கே பிளென்கத்ரா, தெற்கே டெர்வென்ட்வாட்டர் ஏரியும் பாரோடேல் பள்ளத்தாக்கும். ஆனால் ஊருக்கும் திறந்த மலைக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது வளையம்தான் சாவி. அதை ஊடுருவிப் போகும் குறுகிய வழிகள் அடைபட்டால், மேலே எத்தனை ஆயிரம் ஏக்கர் திறந்து கிடந்தாலும் பயனில்லை.

அந்த வழிகளைப் போட்டது யார்? பொதிக்குதிரை, ஆடு, சுரங்கத் தொழிலாளி, பிணம். 1560களில் எலிசபெத் அரசியின் காலத்தில் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டிவந்து நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கில் செம்பு தோண்டினார்கள். தாது கெஸ்விக் உலைகளுக்கு இறங்கியது. பாரோடேலின் சீத்வெய்ட்டில் சுத்தமான கிராஃபைட் கிடைத்தது. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு அது தேவைப்பட்டதால், அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி 1752இல் தனிச் சட்டமே போட்டார்கள். கெஸ்விக்கின் பென்சில் தொழில் அதில் பிறந்ததுதான். ஹானிஸ்டர் கணவாயில் வெட்டிய ஓட்டுக்கல்லை மலை இடுப்பைச் சுற்றி வாஸ்டேலுக்குக் கொண்டுபோன தடம் இன்றும் ஓடக் கிடைக்கிறது. மோசஸ் டிராட் என்று பெயர். கள்ளச் சாராயம் கடத்திய ஒரு மோசஸின் பெயரால் வந்தது என்பது ஊர்ப்பேச்சு. அக்காலத்தில் கோயில் மயானம் இல்லாதிருந்த வாஸ்டேலிலிருந்து மலை தாண்டி எஸ்க்டேலுக்குச் சவம் சுமந்த பாதையும் உண்டு. ஏற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஈரமில்லாத தரை பார்த்து, ஓடையை அகலம் குறைந்த இடத்தில் கடந்து போவது இவற்றின் குணம். பாரம் சுமந்த விலங்குக்கு எது சுளுவோ அதுவே களைத்த ஓட்டக்காரருக்கும் சுளு. யுனெஸ்கோ 2017இல், கெஸ்விக் அடங்கிய இந்த ஏரி மாவட்டத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இயற்கைத் தலமாகச் சேர்க்கவில்லை; மனித உழைப்பு உருவாக்கிய பண்பாட்டு நிலப்பரப்பு என்றே சேர்த்தது.

பழைய தடம் தானாக உயிரோடு இருக்காது என்பதற்கு லாட்ரிக் மலையே சான்று. 1880களில் அந்த மலைக்குப் போகும் வழிகளை நிலக்கிழார் அடைத்துவிட்டார். ஊர்க்காரர்கள் நடைபாதைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைக் கூட்டினார்கள். முன்னணியில் நின்றவர்கள் இருவர்: மலை வழிகாட்டி நூல்கள் எழுதிய ஹென்றி ஜென்கின்சன், ஊரை ஒட்டிய கிராஸ்த்வெய்ட் தேவாலயத்தின் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லி. 1887 அக்டோபர் 1ஆம் தேதி சுமார் 2,000 பேர் கெஸ்விக்கிலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு, தடுப்புகளைக் கடந்து லாட்ரிக் உச்சிக்கு ஏறினார்கள். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சாலும் உடன் வந்தார். அளவு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைக் கடலில் மூழ்கடிக்கும் கப்பல் முதலாளிகளுக்கு எதிராகப் போராடி, கப்பல் பக்கவாட்டில் சுமைக்கோடு போட வைத்தவர் அவர்தான். (ரப்பர் அடி வைத்த கான்வாஸ் காலணிக்கு பிரிட்டனில் பிளிம்சால் என்றே பெயர் வந்தது, அடியையும் துணியையும் சேர்க்கும் கோடு அவருடைய கப்பல் கோட்டைப் போல் இருந்ததால். 45 ஆண்டு கழித்து கிரகாம் போட்ட காலணியும் அந்த ஜாதிதான்.) வழக்கு கார்லைல் நீதிமன்றத்துக்குப் போய் 1888இல் சமரசத்தில் முடிந்தது. உச்சிக்குப் போகும் ஸ்பூனி கிரீன் வழி மக்களுக்கு. இன்னொரு பாதையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1895இல், ரான்ஸ்லி இன்னும் இருவரோடு சேர்ந்து நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். அந்த அமைப்பு ஏரி மாவட்டத்தில் முதன்முதலில் விலைக்கு வாங்கிய நிலம் டெர்வென்ட்வாட்டர் கரையில் உள்ள பிராண்டல்ஹோ காடு, 1902இல். இன்று பாப் கிரகாம் சுற்றை ஸ்கிடாவிலிருந்து தொடங்குகிறவர்கள் மூட் ஹாலை விட்டுக் கிளம்பி முதலில் மிதிப்பது அந்த 2,000 பேர் மீட்ட சந்தைத்தான்.

இங்கிலாந்துச் சட்டம் இதில் வினோதமான ஒரு கொள்கையை வைத்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிந்து போகாமல், தகராறு செய்யாமல், பொதுமக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தினால், நிலத்துக்காரர் அதைப் பொதுவழியாக விட்டுவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இதை எழுத்தில் வைத்திருக்கிறது. வழக்காக இருந்தது அதற்கும் முன்பிருந்தே. நம் ஊர்ப் பத்திரங்களில் 'மாமூல் தட வழி நடை பாத்தியம்' என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அந்த எண்ணம். ஒருமுறை பொதுவழியானது என்றென்றும் பொதுவழி. ஆள் நடமாட்டம் நின்றுபோனாலும் உரிமை சாகாது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழிகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி போய், மலை, புதர்க்காடு, பதிவான பொது நிலம் ஆகியவற்றில் காலால் எங்கும் திரிய உரிமை கொடுத்தது. 2005க்குள் இங்கிலாந்து முழுதும் அது அமலுக்கு வந்தது. நடக்க வேண்டுமா ஓட வேண்டுமா என்று இந்தச் சட்டங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. காலால் போனால் சரி.

ஆனால் 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு முள்ளும் இருந்தது. 1949க்கு முந்தைய சான்றுகளைக் கொண்டு பழைய வழிகளைப் பதிவுசெய்ய 2026 ஜனவரி 1 கடைசி நாள்; அதற்குள் வரைபடத்தில் ஏறாதது போனதுதான் என்றது. தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களையும் இன்றைய வரைபடத்தையும் ஒப்பிட்டுத் தேடியதில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 49,000 மைல் நீள வழிகள் விடுபட்டிருக்கக் கூடும் என்று நடையர் அமைப்பான ராம்ப்ளர்ஸ் 2020இல் அறிவித்தது. கெடு முதலில் 2031க்குத் தள்ளிப்போனது. பின்பு அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு சொன்னது. இந்த இழுபறியில் கவனிக்க வேண்டியது ஒன்று. விடுபட்டவை பெரும்பாலும் பெரிய மலைத் தடங்கள் அல்ல. தோட்டத்துக்குப் பின்னால் போகும் குறுக்குவழி, இரண்டு பண்ணைகளை இணைக்கும் தடம், ஊருக்கு வெளியே முடிவது போலத் தோன்றும் சந்து. இங்கிலாந்தில் திரியும் உரிமை உள்ள நிலம் மொத்தப் பரப்பில் சுமார் 8 விழுக்காடுதான். அதிலும் சில துண்டுகளைச் சுற்றித் தனியார் நிலம் மட்டுமே இருப்பதால், சட்டப்படி உள்ளே போகலாம், சட்டப்படி போய்ச்சேர முடியாது என்ற கேலிக்கூத்தும் உண்டு. மேலே நிற்பதற்கு உரிமை கொடுத்துவிட்டு ஏறும் படியை எடுத்துவிட்டால் அது என்ன உரிமை?

1932ஐ மலையோட்டக்காரர்கள் கிரகாமின் ஆண்டு என்பார்கள். பாதை உரிமைக்காரர்களுக்கு அது கிண்டர் ஸ்கவுட்டின் ஆண்டு. ஏப்ரல் 24ஆம் தேதி, தெற்கே பீக் மாவட்டத்தில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் மலைமேல் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சுமார் 400 பேர் அத்துமீறி ஏறினார்கள்; ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். கிரகாம் மூட் ஹாலிலிருந்து புறப்பட்டது அதற்கு 50 நாள் கழித்து. ஒரே நாட்டில், ஒரே பருவத்தில், ஒரு மலையில் கால் வைத்தவனுக்குச் சிறை, இன்னொரு பக்கம் 42 மலைகளில் கால் வைத்தவனுக்குப் புகழ். இரண்டு பேரின் துணிச்சலிலும் வித்தியாசம் இல்லை. காலடியில் இருந்த நிலத்தின் சட்ட நிலைமையில்தான் வித்தியாசம். கம்ப்ரியாவில் பொது மேய்ச்சல் பிழைத்திருந்தது, கெஸ்விக்கின் சந்து மீட்கப்பட்டிருந்தது. தனி மனிதரின் சாதனை என்று நாம் கொண்டாடும் எதிலும் இப்படி ஒரு பொதுச்சொத்து மறைந்து கிடக்கிறது.

ஓட்டம் என்பது நகரத்தார் கொண்டுவந்த பொழுதுபோக்கு, ஆடு மேய்க்கும் மலைக்கு அந்நியம் என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கிராஸ்மியர் ஊர் விளையாட்டு விழாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வழிகாட்டிகளின் பந்தயம் நடந்தது: நேராக உச்சிக்கு ஏறு, கொடியைச் சுற்று, நேராக இறங்கு, பணம் வாங்கிக்கொள். ஓடியவர்கள் மேய்ப்பர்களும் பண்ணையாட்களும். பரிசுப் பணம் வாங்கியதாலேயே இவர்களை நகரத்து அமெச்சூர் தடகளச் சங்கங்கள் நெடுங்காலம் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தின. வாஸ்டேலின் ஜாஸ் நெய்லர் ஆயுள் முழுக்க ஆடு மேய்த்தவர்; 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 உச்சிகளை ஓடி முடித்தார், 2006இல் 70 வயதில் 70 உச்சிகள். 2024இல் மறைந்தார். 13 மணி 53 நிமிடக்காரரான பில்லி பிளாண்ட் பாரோடேலின் கொத்தனார். மந்தையைத் திரட்ட மலைமேல் ஓடுவதும் பந்தயத்தில் ஓடுவதும் இவர்களுக்கு ஒரே உடம்பின் இரண்டு வேலைகள். நகரத்தார் பின்னால் வந்து சேர்ந்தார்கள். நல்ல காலணியோடு வந்தார்கள், அவ்வளவுதான்.

இதை வைத்து விவசாயியின் குறையைத் தள்ளிவிட முடியாது. அவர் கேட்கும் கேள்வி நியாயமானது: ஓடியவர் அன்று மேய்ப்பர், இன்று வருகிறவருக்கு ஆடு ஏன் அங்கே நிற்கிறது என்றே தெரியாது. இந்த மலைகளின் ஹெர்ட்விக் ஆடுகளுக்கு வேலி கிடையாது. தன் மந்தையின் மேய்ச்சல் எல்லை எது என்பதைக் குட்டி தாயின் பின்னால் திரிந்தே கற்றுக்கொள்கிறது. அந்த அறிவு தலைமுறை தலைமுறையாக ஆட்டிடமே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நாயை அவிழ்த்துவிட்டபடி ஒருவர் ஓடினால் சினையாடு கலையும், குட்டி தாயைப் பிரியும். திறந்து போட்டுவிட்டுப் போன ஒரு கதவு ஒரு நாள் வேலையைக் கெடுக்கும். 2001இல் கோமாரி நோய் பரவியபோது இந்தச் சச்சரவு உச்சத்துக்குப் போனது. நாடு முழுதும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். மிக மோசமாக அடிபட்டது கம்ப்ரியா. பாதைகள் மூடப்பட்டன, மலைப் பந்தயங்கள் கைவிடப்பட்டன. வேலியில்லாத மலை அறிவைக் கொண்ட மந்தைகள் அழிந்தால் புதிதாக வாங்கி விடவும் முடியாது என்பது அன்றைய பெரிய பயம். ஆனால் அதே ஆண்டு இன்னொன்றையும் காட்டியது. அரசுக்கு ஆன செலவு 300 கோடி பவுண்டுக்கு மேல். தனியார் துறை இழந்தது 500 கோடிக்கு மேல், அதில் பெரும்பங்கு சுற்றுலாவை நம்பியவர்களுடையது. மலை மூடினால் பண்ணை மட்டும் படுப்பதில்லை, கடைத்தெருவும் படுத்துவிடுகிறது. பண்ணை வீட்டில் அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி. ஆக, ஆடா ஓட்டமா என்பது பொய்யான கேள்வி. எந்தப் பாதையில், எந்த மாதத்தில், நாயோடா நாயில்லாமலா என்பதே மெய்யான கேள்வி. தெளிவாகக் குறித்த, நன்றாகப் பராமரித்த சந்து இருந்தால் யாரும் புல்வெளிக்குள் வழி தேடி மதில் ஏறிக் குதிப்பதில்லை. மதில் இடிவது பெரும்பாலும் வழி தெரியாதவர்களால்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் மண் அரிப்பு. இதில் ஓட்டக்காரர்களின் பக்கம் வாதாட எனக்கு அவ்வளவு தெம்பில்லை. பாரோடேலின் சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டுகிறது. இங்கிலாந்தில் மனிதர் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை அங்கேதான். 2015 டிசம்பரில் ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341 மில்லிமீட்டர் பெய்தது. இப்படிப்பட்ட சரிவில் மேல் புல் கிழிந்தால் நீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். சேறாகும், சேற்றைத் தவிர்க்க அடுத்தவர் ஓரமாகப் போவார், தடம் அகலமாகும், இரண்டு மழைக்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் என்ற கூட்டுத் திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கல்லைச் செங்குத்தாக நட்டுப் படிபோல அடுக்கித் தடங்களைச் செப்பனிட்டு வருகிறது. பெரிய கல்லை மேலே கொண்டுபோக ஹெலிகாப்டர் தேவைப்படுகிறது. நடப்பவருக்கு அந்தப் படி வசதி. வேகமாக இறங்கும் ஓட்டக்காரருக்கு ஈரக் கல் வழுக்கும், ஆகவே அவர் பக்கத்துப் புல்லில் இறங்குகிறார், பழுதுபார்த்த இடத்தின் ஓரமே மறுபடி கிழிகிறது. கிரகாமின் சுற்றை முடித்தவர்கள் 2,500 பேருக்கு மேல்; ஒவ்வொருவருக்கும் ஒத்திகைக்கு வந்த நாட்கள், துணைக்கு ஓடிய நண்பர்கள் என்று கணக்குப் போட்டால், முன்பு தடமே இல்லாத சரிவுகளில் கோடு விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. கைக்கடிகாரத்தில் இறக்கிக்கொள்ளும் வழித்தடம் எல்லாரையும் ஒரே கோட்டில் ஓட்டுகிறது. வரைபடம் பார்த்து ஓடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள்.

இதற்கு விடை மலையை மூடுவதா? அரிப்பு எங்கே குவிகிறது என்று பார்க்க வேண்டும். புகழ்பெற்ற ஒரே வட்டம், புகழ்பெற்ற அதே உச்சிகள். கெஸ்விக்கைச் சுற்றிச் சாதாரண வழிகளுக்குப் பஞ்சமில்லை: லாட்ரிக்கை ஒரு சுற்று, ஏரியை ஒரு சுற்று, வாட்டன்ட்லாத்துக்கு ஏறிப் பழைய பொதிக்குதிரைப் பாலம் வரை ஒரு ஓட்டம், நியூலேண்ட்ஸ் பள்ளத்தாக்கின் சிறு தேவாலயம் வரை இன்னொன்று. குதிரையும் வண்டியும் போன கெட்டித் தரை அதிகம், காலின் பாரத்தைத் தாங்கும். புகழ் ஒரு வட்டத்தில் குவியாமல் இந்தப் பத்துப் பாதைகளுக்குப் பிரிந்தால் மலைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பிரிய வேண்டுமென்றால் அந்தப் பத்தும் திறந்திருக்க வேண்டும், அறிவிப்புப் பலகை நிற்க வேண்டும், மதிலேறும் படி உடையாமல் இருக்க வேண்டும். அடைத்து வைப்பது கூட்டத்தைக் குறைக்காது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு தடங்களில் நெருக்கித் தள்ளும்.

மலையில் விழுந்தவரை மீட்கும் சுமையைப் பற்றியும் சொல்வார்கள். கெஸ்விக் மலைமீட்புக் குழு 1947இல் தொடங்கியது. இன்றுவரை சம்பளமில்லாத தன்னார்வலர்கள், நன்கொடையில் ஓடுகிறது. நீண்ட மலைப் பந்தயங்களில் மழைச்சட்டை, வரைபடம், திசைகாட்டி, விசில், உணவு இல்லாதவரைப் புறப்படவே விடுவதில்லை. ஆபத்து பந்தயக்காரரிடம் குறைவு. கைப்பேசியை மட்டும் நம்பி மாலை நான்கு மணிக்கு ஏறுகிறவரிடம் அதிகம். அதற்கு ஓட்டத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

நவீனமான ஒரு யோசனையும் காதில் விழுகிறது: இந்தப் பழைய சச்சரவெல்லாம் எதற்கு, ஓடுகிறவர்களுக்கென்று சமமான, பாதுகாப்பான தடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடலாமே என்று. கெஸ்விக்கில் அப்படி ஒன்று இருக்கவே இருக்கிறது. 1865இல் திறந்து 1972இல் மூடிய ரயில் பாதையைத் த்ரெல்கெல்ட் கிராமம் வரை சுமார் ஐந்து கிலோமீட்டர் நடைபாதையாக்கியிருக்கிறார்கள். சக்கர நாற்காலி போகும், குழந்தை வண்டி போகும், முதன்முதலாக ஓடக் கற்றுக்கொள்பவர் போகலாம். லாட்ரிக்கின் பின்பக்கத்திலும் சக்கர நாற்காலிக்கு ஏற்ற ஒரு மென்மையான ஏற்றம் உண்டு. இவை வேண்டும், இன்னும் வேண்டும். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளம் அந்த ரயில் தடத்தின் பாலங்களை அடித்துக்கொண்டு போனது, மறுபடி முழுமையாகத் திறக்க 2020 டிசம்பர் ஆனது. ஐந்து ஆண்டுகள். கட்டிய தடத்துக்கு நிதி, ஒப்பந்தம், பொறியாளர் எல்லாம் தேவை. பணம் வற்றினால் அதுவும் நின்றுவிடும். பழைய சந்துக்குத் தேவைப்படுவது ஒரு மண்வெட்டி, ஒரு வடிகால், அடைக்கக் கூடாது என்ற ஒரு சட்டம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடும் கணக்கு ஏமாற்றுக் கணக்கு. ஏனென்றால் கட்டிய தடம் ஊராட்சி கொடுத்த சலுகை, சந்து ஊரின் பாத்தியம். சலுகையை நிதிநிலை அறிக்கையில் வெட்டலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட உறைக்கும் கேள்வி: இதெல்லாம் யாருக்கு? ரயில் போன பிறகு கெஸ்விக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காரில்தான் வருகிறார்கள். கார் வைத்திருப்பவர், விடுமுறை எடுக்க முடிந்தவர், நூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து மலைக்காலணி வாங்குகிறவர் மலைமேல் ஓடுகிறார். கடையில் நின்று அவருக்குக் காப்பி ஊற்றுகிறவர் வீட்டு வாடகை தாங்காமல் வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறார். இது உண்மை, பாதை உரிமை பேசி இதை மறைக்கக் கூடாது. ஆனால் இந்த ஆட்சேபமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. கார் நிறுத்துமிடத்தில் தொடங்கும் மலைத்தடம் கார்க்காரருக்கே உரியது. கடைத்தெருவில் தொடங்கும் தடம், கடையில் வேலை முடித்துக் கதவைச் சாத்துகிறவருக்கும் உரியது. மூட் ஹாலிலிருந்து லாட்ரிக் உச்சிக்கு நான்கு கிலோமீட்டருக்கு முன்பின்தான், ஏற்றம் 300 மீட்டருக்குள். கோடைகாலத்தில் அந்த ஊரில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சாதாரணக் காலணி போதும். யாருக்கும் கட்டணம் இல்லை, பதிவு இல்லை. 1887இல் ஊர்வலம் போன 2,000 பேரில் பெரும்பாலோர் சாதனை ஓட்டத்தைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏறிப்போய் ஊரையும் ஏரியையும் பார்த்துவிட்டு இறங்கும் வழக்கம் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் நடந்தார்கள்.

இன்று கிரகாம் சுற்றின் கடைசிப் பகுதி நியூலேண்ட்ஸிலிருந்து தார்ச்சாலையில் வருகிறது. 42 உச்சிகளும் முடிந்துவிட்டன, முழங்கால் மடங்க மறுக்கிறது, கடிகாரம் ஓடுகிறது. போர்ட்டின்ஸ்கேல் தாண்டி, ஆற்றைக் கடந்து, கடைத்தெருவுக்குள் நுழைய வேண்டும். சனிக்கிழமைப் பகலில் வந்து சேர்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை: மூட் ஹாலின் கதவைத் தொட, பாலாடைக்கட்டிக் கடைக்கும் கம்பளிக் கடைக்கும் நடுவே, பை தூக்கி நிற்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போயாக வேண்டும். 1276இலிருந்து சந்தைக்குத்தான் அங்கே முன்னுரிமை.